தள்ளு வண்டிப் புராணம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி துய்மா வீதியில் ஒரு திவ்யமான காட்சி கண்டேன். ஒரு பழைய மோட்டார் கார். உள்ளே ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். பின்னால் அவருடைய பேரன்மார் இருவர், ஓர் இளநீர்க்காரர், கடற்கரையைப் படம் பிடிக்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன், ஆக நாலு பேர் மூச்சிரைக்க வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் முகத்தில் லவலேசமாவது வெட்கம் இருந்ததோ? கிடையாது. ஊர்வலம் போகிற பழைய பிரெஞ்சு கவர்னர் மாதிரி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார்.

பார்க்கப் போனால், அவர் வெட்கப்படவும் காரணம் இல்லை. இந்த ஊருக்கு அது பழக்கமான சவாரிதான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியில் 'புஷ் வண்டி' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சக்கர நாற்காலி போன்ற வண்டி. மற்ற ஊர் ரிக்ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பான். இங்கேயோ பின்னால் நின்று தள்ளுவான். போகிற வழியைத் திருப்பும் கைப்பிடி மட்டும் உள்ளே சாய்ந்திருக்கும் கனவானின் கையில் இருக்கும். உழைப்பு ஒருவருடையது, திசை இன்னொருவருடையது. கெட்டுப்போன காருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் உண்டோ?

அன்று சாயங்காலமே ஆசிரியரிடம், "இந்த வாரம் மோசமான கார்களைப் பற்றி எழுதப் போகிறேன்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுப் பெண்கள் படிக்கிற பக்கம் அம்மா இது. காருக்கும் அவர்களுக்கும் என்ன?" என்று கேட்டார்.

"கார் வாங்குகிறவர் வீட்டுக்காரர்தான் ஸார். ஆனால் எதை விற்று வாங்குகிறார்?" என்றேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு விட்டார்.

என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் அவளுக்கு வீடு. மாமா பள்ளிக்கூட உபாத்தியாயர். 1990-களின் நடுவில் அவருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. அப்போது ஒரு கம்பெனி புதிதாக ஒரு கார் கொண்டுவந்து, பக்கம் பக்கமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. எந்தக் கம்பெனி என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையில் பெயரோடு வருகிற வண்டிகளில் அது சேர்த்தி இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மாமாவின் சேமிப்பு போதவில்லை. அத்தையின் நாலு வளையலும் இரட்டை வடச் சங்கிலியும் சேட்டுக் கடைக்குப் போயின. கார் வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மணக்குள விநாயகர் கோயில் வரை போய் வந்தார்கள்.

இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஏதோ ஒரு சாமான் உடைந்தது. உள்ளங்கை அகலம்கூட இராது. மரப்பாலத்து மெக்கானிக் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே சாமான் வராதுங்க வாத்தியாரே. கம்பெனியே கடையைக் கட்டிட்டான்" என்றார். அவ்வளவுதான். கார் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் நின்றது. நான் அப்போது சிறுமி. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நானும் அத்தை பெண்ணும் அந்த நின்ற காரிலேயே காசி, ராமேசுவரம், பாரிஸ் பட்டணம் எல்லாம் போய் வந்திருக்கிறோம். மாமா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் ஈரத் துணியால் அதைத் துடைப்பார். ஒரு மழைக் காலத்தில் பீர்க்கங்கொடி ஏறிற்று. அத்தை கொடியை அறுக்கவில்லை. "இதாவது பிரயோசனப்படட்டும்" என்றாள். பெண்ணின் கல்யாணத்துக்கு வளையல்கள் திரும்பி வரவே இல்லை.

ஆகையால் 'மோசமான கார்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் கோபமும் வருகிறது. அடிக்கடி கெட்டுப்போகிற வண்டியை நான் மோசம் என்று சொல்லமாட்டேன். அம்பாஸடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரையில் உத்தரபாராவில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். கியர் போடுவதற்கு ஒரு தினுசான மணிக்கட்டு வேண்டும். ஆனாலும் அது நின்றுபோனால், திண்டிவனத்து ரோட்டோரத்தில் இருக்கிற பையன்கூடச் சுத்தியலும் சணலும் வைத்துக்கொண்டு கிளப்பிவிடுவான். முணுமுணுத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்கிற பழைய சமையல்காரியைப் போன்ற வண்டி அது. வாக்குத் தவறுவதில்லை.

வாக்குத் தவறிய வண்டிகளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அதில் முதல் தாம்பூலம் நம் தமிழ்நாட்டு வண்டி ஒன்றுக்கே கொடுக்கவேண்டியிருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் - பெருங்களத்தூர்ப் பக்கத்தில், 'ஸ்டாண்டர்ட்' கார்த் தொழிற்சாலை இருந்தது. 1948-ல் ஆரம்பித்த கம்பெனி. 1961-ல் அங்கிருந்து 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' வந்தபோது சென்னையில் அதற்கு ஏகப்பட்ட மவுசு. மிகெலோட்டி என்ற இத்தாலிக்காரர் உருவம் வரைந்த வண்டி. எஞ்சின் மூடியைத் தூக்கினால், இரண்டு பக்கத்து மட்கார்டும் சேர்ந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்பக்கம் முழுவதும் எழுந்து வரும். குறுகிய சந்தில்கூட ஒரே வீச்சில் திரும்பும். கதவு மட்டும் இரண்டே இரண்டு. ஒன்பது கஜம் கட்டிய மாமியார் முன் ஸீட்டை மடக்கி, குனிந்து, நெளிந்து பின்னால் போய் உட்கார்வதற்குள் முகூர்த்தமே தப்பிவிடும். மாமியார்களின் சாபமோ என்னவோ, 1960-களின் கடைசியில் நாலு கதவு வைத்த ஹெரால்ட் வந்தது. பிறகு 1972-ல் 'கஸல்'. 1970-களின் பிற்பகுதியில் கார் செய்வதையே நிறுத்திவிட்டு, வான் வண்டிகளோடு காலந்தள்ளினார்கள்.

இப்படி இருக்கையில் 1985-ல் அந்தத் தொழிற்சாலை ஒரு பெரிய அறிவிப்போடு மறுபடியும் அரங்கேறியது. புது வண்டியின் பெயர் 'ஸ்டாண்டர்ட் 2000'.

அதன் அழகைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. ஏனென்றால் அது இங்கிலாந்து 'ரோவர்' கம்பெனியின் உயர்ந்த ரகக் காரின் உடம்பு. 1976-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கிய உருவம். நீண்ட மூக்கு, சரிந்த முதுகு. பெராரி பந்தயக்காரின் சாயல்கூடக் கொஞ்சம் உண்டு. நம் தெருக்களில் பெட்டி பெட்டியாக அம்பாஸடரும் பியட்டும் ஓடிக்கொண்டிருந்த நாளில், அன்னப்பட்சி மாதிரி இது வந்து நின்றிருக்கும். பணம் படைத்தவர்கள் மயங்காமல் என்ன செய்வார்கள்?

சரி, மூடியைத் திறந்து பார்ப்போம். இங்கிலாந்து ரோவருக்குள் இருந்தது 3,500 ஸி.ஸி., எட்டு ஸிலிண்டர், 155 குதிரைச் சக்தி கொண்ட எஞ்சின். சென்னை வண்டிக்குள் இருந்ததோ நாலு ஸிலிண்டர், 1,991 ஸி.ஸி. எஞ்சின். சக்தி ஏறக்குறையப் பாதி. பாதி என்பதுகூடப் பெரிதல்ல. அதன் ஜாதகத்தைக் கேளுங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1940-களில், ஸ்டாண்டர்ட் 'வான்கார்ட்' காருக்காக இங்கிலாந்தில் செய்த எஞ்சினின் வம்சம் அது. அதே வம்சத்துச் சகோதரன் ஒருவன் பெர்கூஸன் டிராக்டரில் பூட்டப்பட்டு வயல் உழுதான்! டிராக்டருக்கு அது அருமையான எஞ்சின்தான். கலப்பையை இழுக்கட்டும், கரும்பு வண்டியை இழுக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஒன்றே கால் டன்னுக்கு மேல் கனமுள்ள மகாராணியைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னால் பாவம், அது என்ன செய்யும்? பெட்ரோலைக் குடித்தது. சத்தம் போட்டது. மெதுவாகப் போயிற்று. புதிய மொந்தையில் பழைய கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அதுவும் எந்தச் சமயம் பாருங்கள்! 1983 டிஸம்பரில் 'மாருதி 800' வந்தாயிற்று. 796 ஸி.ஸி. எஞ்சின், விலை 47,500 ரூபாய் என்று சின்னஞ்சிறு வண்டி. சாவியைத் திருப்பினால் கிளம்பியது, கொஞ்சமாகக் குடித்தது, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்டினார்கள். அதன் பக்கத்தில், பெரிய வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தும் ஓடத் தெரியாத ஸ்டாண்டர்டை யார் சீந்துவார்கள்? 1988-ல் தொழிற்சாலையை மூடினார்கள். ஹெரால்டைத் தெருவெல்லாம் ஓட்டிக் காட்டிய அத்தனை தொழிலாளர்களும் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் கிடந்த உதிரிச் சாமான்களை, பழைய ரோவருக்குப் பாகம் விற்கிற இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று பின்னாளில் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறந்த வீட்டுக்குச் சீதனம் திரும்பிப் போன கதை! தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர்க் கம்பெனிகளும் அடுக்கு மாடி வீடுகளும் நிற்கின்றன.

இதிலே எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்த வியாதி தீராத வியாதி அல்ல. ஏறக்குறைய அதே சமயத்தில் அம்பாஸடர்க்காரர்கள் 'கான்டஸா' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதுவும் இங்கிலாந்து உடம்புதான், வாக்ஸாலிடமிருந்து வாங்கியது. உள்ளே அம்பாஸடரின் கிழட்டு எஞ்சின். அதே ஏமாற்றம், அதே முனகல். ஆனால் அவர்களுக்குப் புத்தி வந்தது. கொஞ்ச வருஷத்துக்குள் ஜப்பானிய 'இஸுஸு' எஞ்சினை வாங்கிப் பொருத்தினார்கள். கான்டஸா எழுந்து நடந்தது. 2000-க்குப் பிறகும் இருந்தது. நம் ஸ்டாண்டர்டுக்கு அப்படி ஒரு வைத்தியன் வாய்க்கவில்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1957-ல் 'எட்ஸெல்' என்று ஒன்று வெளியிட்டது. அதற்குப் பெயர் வைக்க, மாரியன் மூர் என்ற பெண் கவிஞரிடமே யோசனை கேட்டார்கள். அந்த அம்மாள் ரசமான பெயர்களாகப் பட்டியல் போட்டு அனுப்பினார். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, முதலாளியின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரை வைத்தார்கள். ஆகாயத்துக்கும் பூமிக்கும் விளம்பரம் செய்து, இரண்டே வருஷத்தில், 1959-ல், நிறுத்தினார்கள். நஷ்டம் 25 கோடி டாலர் என்று கணக்கு. கவிஞர் வைத்த பெயரை ஏற்றிருந்தால் நஷ்டமாவது அழகான பெயரில் வந்திருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களின் 'ரெனோ தோஃபின்' இன்னொரு மாதிரி. 'பட்டத்து இளவரசனின் மனைவி' என்று பொருள். 1956-ல் வந்தது. ஊருக்குள் அடிக்க மெல்லிய ஹாரன் ஒன்று, வெளியூர்ச் சாலையில் அடிக்கக் கனத்த ஹாரன் ஒன்று. மாமியார் வீட்டில் ஒரு குரல், பிறந்த வீட்டில் ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொந்த நாட்டில் நல்ல பெயர். அமெரிக்காவில் 1959-ல் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். ஆனால் பழுது பார்க்க ஆள் இல்லை. தகரம் துருப்பிடித்தது. மறு வருஷமே இளவரசிகள் துறைமுகத்தில் வரிசையாகக் காத்துக் கிடந்தார்கள்.

பிரெஞ்சு வண்டி என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. 1954-ல் ஆட்சி கைமாறிய பிறகும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிற 'சொல்தா' வீடுகள் இங்கே இருந்துவருகின்றன; பாரிஸில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களும் ஏராளம். பெஜோ என்ற பெயர் அவர்களுக்கு அன்னியமல்ல. அந்தப் பெஜோ 1990-களின் நடுவில், பம்பாய்ப் பிரிமியர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, கல்யாண் என்ற ஊரில் '309' காரைச் செய்ய ஆரம்பித்தது. (ஐரோப்பாவில் அதை 1993-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதை நாம் கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும்.) ஓட்டியவர்கள் அதைத் தூஷித்து நான் கேட்டதில்லை. பள்ளம் மேடு தெரியாது, டீஸல் வண்டி சிக்கனம் என்று இன்னும் சிலாகிக்கிறவர்கள் உண்டு.

அப்படியானால் ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன்? நல்ல பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, சம்பந்திகள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். பிரிமியர் கம்பெனிக்கோ இத்தாலி பியட்டோடு வேறு ஒரு சம்பந்தம். 1990-கள் முடிவதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். முன்பணம் கட்டிய ஜனங்களில் பலர் அதைத் திரும்பப் பெறுவதற்கு நுகர்வோர் கோர்ட்டு வரை படியேற வேண்டியிருந்தது. வண்டி கிடைத்தவர்களோ சாமானுக்கு அலைந்தார்கள். வண்டியில் குற்றம் இல்லை. வண்டியைப் பெற்றவர்களிடம் குற்றம். பிற்பாடு 2017-ல் அதே பெஜோ கம்பெனி அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியதாம். ஒரு பெயருக்கு 80 கோடி! அதைப் படித்த அன்று அத்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கடைசியாக நானோ. இதைப் பற்றி எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஏனென்றால் இது நல்ல எண்ணத்தில் பிறந்தது. மழையில் ஒரு ஸ்கூட்டர். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் அம்மா மடியில் இன்னொன்று. இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் ரத்தன் டாட்டாவுக்கு லட்ச ரூபாய்க் கார் என்ற எண்ணம் தோன்றியது. அந்த ஸ்கூட்டர் குடும்பத்தை நமக்குத் தெரியும். நம்மில் பாதிப் பேர் அந்த மடியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். 2008 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் வண்டியைக் காட்டினார்கள். வங்காளத்துச் சிங்கூரில் நிலத் தகராறு; தொழிற்சாலையையே குஜராத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2009-ல் விற்பனை ஆரம்பித்தபோது, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டிக் குலுக்கலுக்குக் காத்திருந்தார்கள்.

அதிலே அவர்கள் பிடித்த சிக்கனத்தைப் பார்த்தால், மாசக் கடைசியில் நாம் குடித்தனம் நடத்துகிற சாமர்த்தியம் ஞாபகம் வரும். சாதாரணமாகக் காருக்குச் சக்கரத்துக்கு நாலு போல்ட்டாவது இருக்கும், இதற்கு மூன்று. மழை துடைக்கும் கை ஒன்றே ஒன்று. எஞ்சின் பின்னால், இரண்டு ஸிலிண்டர், 624 ஸி.ஸி. பின்பக்கம் கதவு போல இருக்கும், ஆனால் திறக்காது. காய்கறிப் பையை உள்ளே ஸீட்டைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். இதையெல்லாம்கூட நம்மவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் சில வண்டிகள் தீப்பிடித்ததாகச் செய்தி வந்தது. 2014-ல் மோதல் சோதனை செய்து பார்த்ததில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மழைக்குப் பயந்து ஏறிய குடும்பம் இதற்கும் பயப்பட வேண்டுமா?

எல்லாவற்றையும்விட அதைக் கொன்றது 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற விளம்பரம்தான் என்பது என் அபிப்பிராயம். டாட்டாவே பிற்காலத்தில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடைவையை நாம் சந்தோஷமாகக் கட்டிக்கொள்வோம். ஆனால் நெற்றியில் விலைச்சீட்டை ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோமா? காரில் போய் இறங்குவதே நாலு பேர் பார்க்கத்தானே! 2018-ல் நானோவின் உற்பத்தி முடிந்தது. ஸ்கூட்டரில் போன குடும்பம் இன்னும் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நேற்றுக்கூட நேரு வீதி முனையில் பார்த்தேன்.

போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் கார் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். புதுச்சேரியில் வண்டிக்கு வரி குறைவு என்று வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து வாங்கிய ஊர்; உள்ளூர்க்காரி நான் சும்மா இருக்கலாமா? அத்தையும் கூட வந்தாள். கடை முழுதும் குளிர்ச்சி. டை கட்டிய பையன் ஒருவன் முன்னால் இருந்த கண்ணாடித் திரையைத் தொட்டுத் தொட்டு, பாட்டு, படம், ஊருக்குப் போகிற வழி எல்லாம் காட்டினான். அத்தை எதையும் பார்க்கவில்லை. காரின் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி, இந்த மூடியைத் தூக்கு."

பையன் சிரித்துக்கொண்டே தூக்கினான்.

"இந்த எஞ்சின் இந்த வண்டிக்குன்னே பண்ணதா, இல்லே வேறே எதுலேருந்தாவது எடுத்து வெச்சதா?"

"கம்பெனி எஞ்சின்தாங்கம்மா."

"சரி. நாளைக்கு அந்தக் கம்பெனி கடையைக் கட்டிட்டா சாமான் யார் கொடுப்பாங்க?"

"அதெல்லாம் கட்டமாட்டாங்கம்மா."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் அத்தை. அவள் கை வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மானேஜரை அழைத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனான். மூடியை அவன் இறக்கப் போனபோது அத்தை தடுத்துவிட்டாள். திறந்த வாயோடு நின்ற அந்தக் காரின் எதிரில், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.